தந்தை பெயரிட்ட நோயும் மைந்தன் தேடிய காரணமும்

எமில் கிரெப்பலின் என்னும் ஜேர்மன் உளமருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இளமையிலேயே தோன்றும் சித்தச் சிதைவாக வகுத்த நோய்க்கு, 1908ஆம் ஆண்டில் 'சிசோபிரெனியா' எனப் புதுப்பெயர் சூட்டியவர் ஒயிகன் புளொயிலர். சூரிச் நகரிலுள்ள பேர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையின் பணிப்பாளர் அவர். சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான இணைப்புத் தளர்ந்து போதலையே அவர் பிளவு என்றார். ஓருடலில் இருவர் வாழ்தல் எனப் பலர் இன்றும் கொள்ளும் பொருள் அவருடையதன்று. அவருடைய சகோதரி ஒருவரும் இந்நோய்க்கு ஆளாகி, மருத்துவமனை வளவினுள் வாழ்ந்த அவருடைய குடும்பத்தோடு தங்கியிருந்தார். 1903இல் பிறந்த மகன் மன்பிரெட் இந்த அத்தையைக் கண்டே வளர்ந்தார். நோயினை அவர் அறிந்தது நூல்களின் வழியாக மட்டுமன்று.

1942இல் தந்தை வகித்த அதே பதவியை ஏற்ற மன்பிரெட் புளொயிலர், 1969வரை அதில் இருந்தார். அவருடைய ஆராய்ச்சியின் பெரும்பகுதி ஓமோன்களைப் பற்றியது. இதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. நோய் பெரும்பாலும் பூப்புப் பருவத்தை அடுத்த ஆண்டுகளில் தோன்றுகின்றது. பெண்கள் சிலருக்குப் பிள்ளைப்பேற்றின் பின் தோன்றுகின்றது. பாலியற் சுரப்பிகளின் கோளாறினால் உடல் தன்னையே நஞ்சூட்டிக்கொள்கின்றதோ எனக் கிரெப்பலினே ஐயுற்றிருந்தார். மேலும், தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாட்டால் மந்தமுற்றோர் அச்சுரப்பியின் சாற்றினால் தெளிவு பெறுவதை 1891முதல் மருத்துவ உலகம் கண்டிருந்தது. சுவிற்சர்லாந்தின் மலைப்பள்ளத்தாக்குகளிலோ கழலையும் அதனோடு வரும் மூளை வளர்ச்சிக் குறைவும் தலைமுறை தலைமுறையாக நிலவின. 1922இல் அங்கு அயடீன் சேர்த்த உப்பு வழக்கத்திற்கு வந்தது. ஒரு சிட்டிகை உப்பு ஒரு பெருந்துயரை நீக்கக்கூடிய நாட்டில், சித்தப்பிறழ்வுக்கும் அத்தகையதொரு மருந்து உண்டென எதிர்பார்த்தது பேதைமையன்று.

புளொயிலரும் அவருடைய மாணாக்கரும் இரு திசைகளிலிருந்து தேடினர். சுரப்பி நோயாளரின் மனநிலையை ஆராய்ந்தனர். சிசோபிரெனியா நோயாளரின் சுரப்பிகளையும் ஆராய்ந்தனர். முதலாவது தேடல் பயன் தந்தது. எச்சுரப்பி கெட்டாலும் பசி, தாகம், உறக்கம், பாலுணர்வு, மனவெழுச்சி ஆகியன ஏறத்தாழ ஒரே வகையில் மாறுகின்றன என்றும், மூளையின் ஒரு பகுதி மட்டும் பழுதுறும்போது ஏற்படும் மாற்றங்களை அவை ஒத்துள்ளன என்றும் அவர் காட்டினார். இரண்டாவது தேடலின் விடை 'இல்லை' என்பதாகும். இந்நோய்க்கே உரிய சுரப்பிக் கோளாறு எதுவும் அகப்படவில்லை. 1954இல் வெளிவந்த அகஞ்சுரப்பி உளமருத்துவம் பற்றிய அவருடைய பெருநூல் இவ்விரு விடைகளையும் மறைப்பின்றிக் கூறுகின்றது. தாம் நீண்டகாலம் நம்பித் தேடிய ஒன்றைக் காணவில்லையென எழுதுவோர் ஆய்வுலகிற் சிலரே. குருதியிலுள்ள நுண்ணளவு ஓமோன்களை அளக்கும் கதிரியக்க முறை 1960ஐ அண்டியே உருவாயிற்று என்பதையும் இங்கு கருதவேண்டும். அவருக்குக் கிட்டிய கருவிகள் அத்துணைக் கூர்மையானவையல்ல.

ஆயினும் அவர் நோயாளரை விட்டகலவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட 208 பேரையும் அவர்தம் குடும்பத்தினரையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாமே தொடர்ந்து கவனித்தார். 1972இல் அவர் வெளியிட்ட முடிவு, தந்தையின் கூற்றையே மறுத்தது. முற்றான குணம் இந்நோயில் இல்லையெனத் தந்தை கருதியிருந்தார். மகனோ ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் நீடித்த குணம் பெற்றதையும், நோய் தொடங்கி ஐந்தாண்டுகள் கழிந்த பின் பொதுவாக நிலைமை மேலும் சீர்கெடாததையும் எடுத்துக்காட்டினார். மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் வருவோரை மட்டும் காணும் மருத்துவர், வீடு சென்று நலமாக வாழ்வோரைக் காண்பதில்லை. தந்தையின் பார்வையைச் சுருக்கியது இதுவே எனலாம்.

மூளையில் மாற்றம் உண்டென்பதற்கான சான்று வேறிடத்திலிருந்து வந்தது. 1976இல் இலண்டனிலுள்ள நோர்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜோன்ஸ்ரன், ரிம் குரோ முதலியோர், நெடுநாள் நோயாளர் 17 பேரின் மூளையைக் கணினிவழிக் கதிர்ப்படம் எடுத்து, திரவம் நிறைந்த மூளையறைகள் நலமுள்ளோரினும் விரிந்திருந்தமையைக் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் பலவும் இதனை உறுதிப்படுத்தின. எனினும் நோயாளர் பலரின் அறைகள் நலமுள்ளோரின் அளவிலேயே உள்ளன. 1994இல் மன்பிரெட் புளொயிலர் மறைந்தபோதும் சரி, இன்றும் சரி, குருதிச் சோதனையாலோ மூளைப்படத்தாலோ மட்டும் இந்நோயை நிச்சயிக்க இயலாது. மருத்துவர் நோயாளியின் முன் அமர்ந்து அவருடைய கதையைக் கேட்கவே வேண்டியுள்ளது.