நூலிலிருந்து எழுந்த யாழ்

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூலோடு, அடிகளின் கணக்குப்படி செய்யப்பெற்ற யாழ்களும் அங்கே வந்தன. க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை இசைத்தார். பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து கிடந்த கருவியை அவையோர் காதால் கேட்டனர். அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

ஐரோப்பியரும் இத்தகைய மீட்பில் ஈடுபட்டனர். பல அளவு வயோல்கள் ஒரு குடும்பமாய்ச் சேர்ந்திசைக்கும் பழைய மரபை ஆர்னால்டு டோல்மெட்ச் மீட்டெடுத்து, 1925இல் இங்கிலாந்தின் ஹேசில்மியரில் இசைவிழாவைத் தொடங்கினார். ஆனால் அவருக்கு அளந்து பார்க்கப் பழைய வயோல்களும் வாசிக்க இசைச் சுவடிகளும் இருந்தன. அடிகளுக்கோ ஒரு சங்ககால யாழ்கூட எஞ்சியிருக்கவில்லை.

எஞ்சியவை பாட்டும் உரையுமே. பொருநராற்றுப்படை யாழின் பத்தரை மானின் குளம்புச் சுவட்டுக்கும், ஆணிகளை நண்டின் கண்ணுக்கும், கோட்டைத் தலையெடுத்த பாம்புக்கும் ஒப்பிடுகிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்பது சிலப்பதிகார உரையால் தெரிகிறது. அறிவியல் பட்டதாரியான அடிகள் நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதங்களைக் கணித்தார். எனினும் பத்தரின் சுவர் எத்துணைக் கனம்? தோலை எவ்வளவு இறுக்கிப் போர்த்தினர்? உவமை உருவைக் காட்டும், அளவைச் சொல்லாது. கருவியின் குரலோ அவ்வளவுகளில்தான் இருக்கிறது.

ஜொகூரில் சாப்பின் ஆட்டத்துக்குக் கம்புஸ் இசைக்கக் கேட்ட நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மரத்தைக் குடைந்து தோல் போர்த்தது ஒருவகைக் கம்புஸ். மரக்கீற்றுகளை ஒட்டிப் பலகை முகப்பு வைத்தது மற்றொன்று. பெயர் ஒன்றாயினும் குரல் வேறு.

அண்மையில் சென்னையில் தருண் சேகர் யாழொன்றைச் செய்து இசைத்திருக்கிறார். அவ்வொலியை வகுப்பில் கேட்பித்தல் நன்றே. ஆயின், ‘சங்ககாலத்தார் கேட்டது இதுவே’ என்று மாணவரிடம் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. அது அடிகளின் உழைப்பையும் மறைத்துவிடும். அவர் முன் கருவி இல்லை, சொற்களே இருந்தன. பொருநராற்றுப்படைப் பகுதியைக் கொடுத்து யாழை வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு வகுப்பில் இரண்டு படங்கள் ஒத்திருப்பது அரிது.