மேர்லினும் ஒரு சிறு வளையமும்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கொழும்பைத் தாக்கவந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்தெழுந்த ஹரிகேன்களை இயக்கியது ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் இயந்திரம். பழைய போர் விமானப் பிரியர்கள் இன்றும் மெய்மறந்து கேட்பது அதன் முழக்கத்தையே. என்னை ஈர்ப்பதோ அதிலிருந்த குறைபாடும் அதற்குப் பரிகாரம் கண்டவரும்தான்.

12 சிலிண்டர்களும் 27 லீற்றர் கொள்ளளவும் கொண்ட அந்த இயந்திரம், விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தினால் திணறிவிடும். காபரேற்றருக்குள் எரிபொருள் முதலில் தடைப்படும். மறுகணம் அளவுமீறிப் பெருகி இயந்திரத்தை மூச்சடைக்கச் செய்யும். ஜேர்மனியரின் மெஸர்ஸ்மிட் 109 விமானத்தில் எரிபொருள் நேரடியாகப் பீச்சப்பட்டதால் இச்சிக்கல் எழவில்லை. ஆகவே 1940 இல், துரத்தப்பட்ட ஜேர்மனிய விமானிகள் நேரே கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பினர்.

பரிகாரம் கண்டவர் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் பொறியியலாளர் பியாட்ரிஸ் ஷில்லிங். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் பறந்த பெண்மணி. எரிபொருள் வழியில் துளையிட்ட சிறு உலோக வளையமொன்றைப் பொருத்தி அவர் அப்பெருக்கைக் கட்டுப்படுத்தினார். 1941 இல் அவருடைய குழு விமானத் தளங்களுக்கே சென்று அதனைப் பொருத்தியது. முழுமையான தீர்வு பின்னரே வந்தது. அதுவரை விமானிகளின் உயிருக்குத் துணை நின்றது அந்த வளையமே.

விமானத்தின் பெயரை அறிவோம், விமானியின் பெயரையும் தேடிப் படிப்போம். அவரை உயிருடன் தரையிறக்கிய கைகளின் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?