கூடை, வண்டி, கருவி

எங்கள் சின்னமனூர் மளிகைக் கடையில் சீட்டை நீட்டினால் போதும், சாமான் கட்டிக் கைக்கு வரும். நாமே எடுத்துக்கொள்ளும் கடைக்கு முன்னோடி, 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய பிக்லி விக்லி. ஆனால் கூடை கனத்தால் வாங்குவது நின்றுவிடுமே! 1937-ல் ஓக்லஹோமா நகரில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன், மடக்கு நாற்காலியைப் பார்த்துச் சக்கர வண்டி செய்தார். முதலில் யாரும் தொடவில்லையாம். கூலிக்கு ஆள் வைத்துத் தள்ளிக் காட்டினாராம்!

1974 ஜூன் 26-ல் ஒஹாயோ மாநில ட்ராய் ஊரில் இன்றைய பார்கோடு முதன்முதலாகக் கடையில் வாசிக்கப்பட்டது. பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட். 2020-ல் அமேசான் அறிவித்த 'டாஷ் கார்ட்' வண்டியே கணக்குப் போடும்.

நமக்கும் கையடக்கக் கருவி வந்தது... ரேஷன் கடையில்! தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் கார்டு கொடுக்கத் தொடங்கினார்கள். கருவி அதை வாசித்துப் பதிந்ததும், வாங்கிய விவரம் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். வாங்காத சர்க்கரையை வாங்கியதாகப் பதிந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கோல்ட்மேன் வண்டி நம்மை அதிகம் வாங்க வைத்தது. இந்தக் கருவியோ நமக்குச் சேரவேண்டியதைக் கணக்குக் காட்டுகிறது. ஆனால் படிக்கத் தெரியாத பாட்டிக்கு? பக்கத்தில் இருக்கும் நாம்தான் வாசித்துச் சொல்லவேண்டும் நண்பர்களே.