நான்கு கால்களில் நிற்கும் நூலகம்

இன்னைக்கு நாம பேசப்போறது புவனோஸ் அயர்ஸ்ல இருக்கிற அர்ஜென்டினா தேசிய நூலகம். முடிஞ்சா படத்தைத் தேடி எடுத்து வச்சுக்கிட்டே கேளுங்க. நான்கு பெரிய கான்கிரீட் தூண்கள். அதுக்கு மேல, பூச்சே பூசாத ஒரு பெரிய கான்கிரீட் பெட்டி. இந்தப் பாணிக்கு ப்ரூட்டலிசம்னு பேர். முதல் பார்வைக்கு அழகுன்னு நானும் சொல்ல மாட்டேன்.

ஆனா உள்ளே இருக்கிற யோசனையைப் பாருங்க. புத்தகங்கள் எல்லாம் தரைக்குக் கீழே, வாசிப்பு அறைகள் மேலே. வாசிக்கிறவருக்கு வெளிச்சம் வேணும். காகிதத்துக்கு வெயில் ஆகாது. கட்டடத்துலேயே அதிக எடை புத்தகங்களுக்குத்தான், அது மண்ணுக்குள்ள இருந்துட்டா மேலே தூக்கி நிறுத்த வேண்டிய சுமை குறையும். நாளைக்குப் புத்தகம் பெருகினா, மேலே இருக்கிறதைத் தொடாம பூமிக்கடியிலேயே விரிவாக்கலாம். சாஃப்ட்வேர்ல ஸ்டோரேஜ் தனி, யூசர் பார்க்கிற ஸ்க்ரீன் தனின்னு நாங்க பிரிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ரெண்டுக்கும் நடுவுல தரை திறந்தே கிடக்குது. ஜனங்க கட்டடத்துக்கு அடியிலேயே நடந்து போகலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தத் திறந்த தரைதான். நெருடுறதும் அதுதான்.

அங்கே முன்னாடி உன்சுவே மாளிகை இருந்தது. ஜனாதிபதி பெரோன் குடியிருந்த வீடு. 1952இல் அவர் மனைவி எவிட்டா இறந்ததும் அங்கேதான். 1955இல் ராணுவம் பெரோனைக் கவிழ்த்தது. அடுத்த வருஷம் அவர் பேரைப் பொதுவில் சொல்றதையே தடை செய்து ஆணை போட்டாங்க. மாளிகையையும் விட்டு வைக்கல. ஜனங்க கும்பிடுற இடமா அது மாறிடுமோங்கிற பயம், இடிச்சுட்டாங்க. அந்த இடத்தைத்தான் நூலகத்துக்குக் கொடுத்தாங்க.

வடிவமைத்தவர்கள் க்ளோரிந்தோ டெஸ்டா, ஃபிரான்சிஸ்கோ புல்ரிச், அலீசியா கசனீகா. வரைபடம் 1961லேயே உருவானது, கட்டுமானம் தொடங்கினது 1971இல், திறந்தது 1992இல்! நடுவுல எத்தனை ஆட்சி, எத்தனை ராணுவப் புரட்சி. கசனீகா 1968லேயே இறந்துட்டார். அஸ்திவாரம் தோண்டுறதைக்கூட அவர் பார்க்கல. 1955லேர்ந்து 1973 வரைக்கும் இந்த நூலகத்தின் இயக்குநரா இருந்தவர் எழுத்தாளர் போர்ஹேஸ். அந்தக் காலம் முழுக்க நூலகம் பழைய கட்டடத்துலதான் இருந்தது. புதுசு திறக்கிறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1986இல், அவரும் இறந்துட்டார்.

1992இல் திறந்து வைத்த ஜனாதிபதி மெனெம் யார் தெரியுமா? பெரோனின் கட்சிக்காரர். 1999இல் நூலகத்தை ஒட்டின சதுக்கத்துல எவிட்டாவுக்குச் சிலையும் வச்சாங்க.