கேள்விக்குறியில் வளர்ந்த தொழில்

வீட்டு ரூட்டரை அமைக்க உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து நான்கைந்து பெட்டிகளை நிரப்பினால் போதும். ஆனால் வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் ரூட்டர்களைப் பராமரிப்பவர்கள் இன்றைக்கும் வெற்றுத் திரையில் கட்டளைகளைத் தட்டெழுதி வேலை செய்வதைப் பரவலாகப் பார்க்கலாம். இந்தத் தொழிலுக்குள் புதிதாக நுழைபவர் அதைக் கண்டதும் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார். இது பழைய காலத்தின் மிச்சம் என்பது ஒன்று. இது கரைகண்டவர்களுக்கானது, நமக்கு எட்டாது என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பதற்கு ரூட்டரின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கணினியின் கட்டளைகள் தெரியாதவரும் தட்டுத்தடுமாறாமல் வேலை செய்ய வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த ஒரு மரபுதான் ரூட்டரின் கட்டளை வரியாக வளர்ந்தது. அது இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கும், ஒருவர் கற்றதை இன்னொருவருக்கு அப்படியே கையளிக்க அது இடம்கொடுப்பதே முதன்மையான காரணம்.

தொடக்கத்தில் ரூட்டரை அமைப்பது என்றொரு தொழிலே கிடையாது. 1969இல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டுக்காக மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த பிபிஎன் நிறுவனம் செய்து கொடுத்த ஐஎம்பி என்னும் பொறிகளே இன்றைய ரூட்டர்களின் மூதாதையர். ஹனிவெல் 516 கணினியை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பொறி முதலில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. ஆனால் அதற்குள் என்ன ஓட வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தார் தீர்மானிக்கவில்லை. நிரலை எழுதியவர்களும் மாற்றியவர்களும் பிபிஎன் பொறியாளர்களே. எல்லாப் பொறிகளையும் தங்கள் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கண்காணித்தவர்களும் அவர்களே. பொறி வாடிக்கையாளரின் கூடத்தில் இருக்கும், அறிவு முழுவதும் அதைச் செய்தவரிடம் இருக்கும். ஒரு சில கணினிகளை இணைக்கும்வரை இந்த ஏற்பாடு சரியாகவே நடந்தது. ஒவ்வொரு வளாகமும் தனக்கென ஒரு வலையமைப்பைக் கட்டத் தொடங்கியபோது அது போதாமல் போனது. ஒவ்வொரு கட்டடத்திலும் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த முகவரி யாருக்கு என்பதை அந்த இடத்திலேயே இருப்பவர்தான் பொறிக்குச் சொல்ல முடியும். அவரோ பொறியைச் செய்தவர் அல்லர். அவருக்கும் பொறிக்கும் இடையே ஒரு பொதுப் பேச்சு தேவைப்பட்டது.

அந்தப் பேச்சின் இலக்கணம் வேறொரு துறையில் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. ஐஎம்பியைச் செய்த அதே பிபிஎன் நிறுவனத்தில், அதே ஆண்டுகளில், பிடிபி-10 கணினிக்காக டெனெக்ஸ் என்ற இயங்குதளம் எழுதப்பட்டது. கட்டளையின் முதல் சில எழுத்துகளைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பித் தரும். டெனெக்ஸிலிருந்து வளர்ந்து, 1976இல் டெக் நிறுவனம் வெளியிட்ட டாப்ஸ்-20 இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டளையின் எந்த இடத்திலும் கேள்விக்குறியைத் தட்டலாம். அந்த இடத்தில் அடுத்து என்னென்ன எழுதலாம் என்று கணினி பட்டியலிடும். இந்த வசதியை இயங்குதளமே தந்ததால், அதில் ஓடும் எந்த நிரலும் பயனருக்கு அதே வகையில் வழிகாட்ட முடிந்தது. கையேடு அலமாரியில் இருக்கட்டும், தேவையான இடத்தில் தேவையான அளவு கற்றுக்கொண்டால் போதும் என்ற எண்ணமே இதன் அடிப்படை. ஏற்கெனவே கட்டளைகளை மனப்பாடமாகத் தெரிந்தவருக்குக் கேள்விக்குறி தேவையில்லை. அது தெரியாதவருக்காகவே செய்யப்பட்டது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் ஆய்வாளர்களும் புழங்கியது இந்த டாப்ஸ்-20 கணினிகளில். அங்கேதான் 1980இல் வில்லியம் யேகர் பல வலையமைப்பு நெறிமுறைகளை ஒரே பொறியில் கையாளும் ரூட்டர் நிரலை எழுதத் தொடங்கினார். ஆண்டி பெக்டால்ஷைம் வடிவமைத்த கணினிப் பலகையில் பிற்பாடு அந்த நிரல் ஓடியது. கணினித் துறையில் பணியாற்றிய லென் போசாக்கும் வணிகப் பள்ளியில் பணியாற்றிய சாண்டி லெர்னரும் 1984 டிசம்பரில் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1987இல் ஸ்டான்ஃபோர்ட் அந்த நிரலுக்கும் பலகைக்கும் சிஸ்கோவுக்கு உரிமம் வழங்கியது. சிஸ்கோ ரூட்டரின் கட்டளை வரியைப் பார்த்தால் வந்த வழி தெரியும். டெனெக்ஸிலும் டாப்ஸ்-20இலும் கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் பகுதிக்கு எக்ஸெக் என்று பெயர். சிஸ்கோவிலும் அதே பெயர். டாப்ஸ்-20இல் நிர்வாகி தன் கூடுதல் அதிகாரத்தைப் பெற 'எனேபிள்' என்று தட்டுவார், உடனே திரையில் காத்திருக்கும் குறி மாறும். சிஸ்கோவிலும் அதே சொல், அதே ஏற்பாடு. கேள்விக்குறியும் அப்படியே வந்து சேர்ந்தது. புதியவருக்கு வழிகாட்டப் பிறந்த ஏற்பாடு, புதியவர்கள் பெருகிக்கொண்டிருந்த ஒரு துறைக்குப் பொருத்தமான நேரத்தில் கிடைத்தது.

சிஸ்கோ ரூட்டரின் கட்டளை வரியை நெருங்கிப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். வெளிர்நீலக் கன்சோல் கேபிளின் ஒரு முனையை ரூட்டரிலும் மறுமுனையை மடிக்கணினியிலும் செருகி, வேகத்தை 9600 என்று வைத்தால் திரையில் ரூட்டரின் பெயரும் '>' குறியும் தோன்றும். அந்த நிலையில் பார்க்கலாம், அமைப்பை மாற்ற முடியாது. 'எனேபிள்' என்று தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் குறி '#' ஆகும். தொழிலில் எல்லாரும் 'கான்ஃப் டி' என்று சுருக்கிச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தால் அமைப்புப் பகுதிக்குள் நுழைவோம். எந்த இணைப்பு முனையை மாற்றப் போகிறோம் என்று சொல்லி, 192.168.1.1 என்ற முகவரியையும் 255.255.255.0 என்ற முகமூடியையும் கொடுத்து, 'நோ ஷட்டவுன்' என்று முடிக்க வேண்டும். ரூட்டரின் முனைகள் இயல்பில் மூடிக் கிடக்கும் என்பதால் இந்தக் கடைசி வரியை மறந்தவர்களின் இணைப்பு உயிர்பெறாது. இந்தச் சிறு வேலைக்குள்ளேயே எவ்வளவு பாடம் இருக்கிறது! காத்திருக்கும் குறி நாம் எங்கே நிற்கிறோம், எவ்வளவு அதிகாரத்துடன் நிற்கிறோம் என்று சொல்கிறது. தப்பாகத் தட்டினால், பிழை எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதற்கு நேர் கீழே '^' என்ற குறி வந்து நிற்கிறது. பெரும்பாலான கட்டளைகளை முன்னால் ஒரு 'நோ' சேர்த்து விலக்கிவிடலாம். மாற்றியது உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் சேமிக்காதவரை, பொறி மறுபடி தொடங்கும்போது பழைய நிலைக்கே திரும்பும். கேட்கலாம், தவறலாம், திருத்தலாம், திரும்பலாம். கற்பவருக்கு இதைவிட ஏற்ற இடம் அமைவது அரிது.

இதைவிடப் பெரிய பயன் வேலை முடிந்த பிறகு வருகிறது. 'ஷோ ரன்' என்று தட்டினால் ரூட்டரின் நடப்பு அமைப்பு முழுவதும் எழுத்து வரிகளாகத் திரையில் ஓடும். நிர்வாகி தட்டிய அதே சொற்கள்தான் பொறியின் நினைவகத்திலும் ஆவணமாக இருக்கின்றன. கட்டளையும் பதிவும் ஒன்றே. அதை நகலெடுத்துக் கோப்பில் வைக்கலாம், அடுத்த ஊரில் இருப்பவருக்கு அனுப்பி எங்கே பிழை என்று கேட்கலாம், நேற்றைய அமைப்பையும் இன்றையதையும் ஒப்பிடலாம். 1990களிலேயே ரான்சிட் போன்ற கட்டற்ற கருவிகள் ரூட்டர்களின் அமைப்பைத் தானாகவே எடுத்து, முந்தைய பதிப்போடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் நிர்வாகிக்கு அஞ்சலில் அனுப்பின. 1993இல் தொடங்கிய சிஸ்கோவின் சிசிஐஇ செய்முறைத் தேர்வும், 1997இல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியும், 1998இல் வந்த சிசிஎன்ஏ சான்றிதழும் இந்த எழுத்து வடிவத்தின் மேல்தான் நின்றன. கட்டளைகளைப் பக்கத்தில் அச்சிடலாம், பலகையில் எழுதலாம் என்பதால், பெரிய ரூட்டரைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லாத ஊர்களிலும் பாடம் நடத்த முடிந்தது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. சிஸ்கோ சந்தையை வென்றது, அதனால் அதன் கட்டளை வரியும் வென்றது. இதில் கற்பித்தலுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். இதில் உண்மை இருக்கிறது. 1994இல் வெல்ஃப்ளீட்டும் சினாப்டிக்ஸும் இணைந்து உருவான பே நெட்வொர்க்ஸ் தன் ரூட்டர்களைப் படங்களும் பெட்டிகளும் கொண்ட சைட் மேனேஜர் என்ற கருவியால் அமைக்கச் சொன்னது. அமைப்புக் கோப்பு மனிதர் படிக்க முடியாத இரும வடிவில் இருந்தது. அந்த நிறுவனம் பின்தங்கி 1998இல் நார்டெல் கைக்குப் போனதற்குப் பல வணிகக் காரணங்கள் உண்டு. கட்டளை வரி ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் சந்தை பலம் மட்டுமே காரணமாக இருந்தால், விற்பனை நோக்கமே இல்லாதவர்கள் அதே வடிவத்தை ஏன் எடுத்துக்கொண்டார்கள்? ஜப்பானில் குனிஹிரோ இஷிகுரோ 1996இல் தொடங்கிய ஜீப்ரா என்ற கட்டற்ற ரூட்டிங் மென்பொருள் அதே பாணிக் கட்டளை வரியைக் கைக்கொண்டது. அதன் வழிவந்த குவாகாவும் அதையே பின்பற்றியது; குவாகாவிலிருந்து 2017இல் பிரிந்த எஃப்ஆர்ஆர் இன்றுவரை அதையே தொடர்கிறது. சிஸ்கோவுக்குப் போட்டியாக 1996இல் உருவான ஜூனிப்பர் தன் சொற்களையும் அடுக்கையும் வேறாக அமைத்துக்கொண்டது. ஆனால் கேள்விக்குறியையும் எழுத்து வடிவ அமைப்பையும் கைவிடவில்லை. போட்டியாளர்களும் ஆர்வலர்களும் ஒருங்கே காப்பாற்றிய ஒன்றை ஒரு நிறுவனத்தின் திணிப்பு என்று தள்ளிவிட முடியாது.

கட்டளை வரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. தன் மென்பொருளையும் கட்டளை வரியையும் நகலெடுத்ததாக 2003இல் ஹுவாவே மீது சிஸ்கோ வழக்குத் தொடுத்தது. தன் கட்டளை வரியில் மாற்றம் செய்ய ஹுவாவே ஒப்புக்கொண்டதை அடுத்து மறு ஆண்டு வழக்கு முடிந்தது. 2014 டிசம்பரில் போட்டி நிறுவனமான அரிஸ்டா மீது தொடுத்த வழக்கில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகளை அது எடுத்துக்கொண்டதாக சிஸ்கோ சொன்னது. அரிஸ்டாவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், சிஸ்கோவின் முதல் பெட்டிகளுக்கு அடித்தளமான பலகையை ஸ்டான்ஃபோர்டில் வடிவமைத்த அதே பெக்டால்ஷைம். 2016 டிசம்பரில் சான் ஹோசே நகர ஜூரிகள், இந்தக் கட்டளைகள் அந்தத் துறையில் யார் செய்தாலும் தவிர்க்க முடியாமல் வந்து சேரும் வெளிப்பாடு என்ற அரிஸ்டாவின் எதிர்வாதத்தைப் பதிப்புரிமைக் கேள்வியில் ஏற்றுக்கொண்டார்கள். காப்புரிமைகளும் சேர்ந்த முழுத் தகராறும் 2018இல் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்த பிறகே சமரசத்தில் முடிந்தது. பணம் யார் பக்கம் போனாலும், ஜூரிகள் கண்டது முக்கியமானது. ஒரு நிறுவனம் எழுதிய கட்டளைகளே ஆனாலும், அவற்றின் வடிவம் தொழிலின் தேவைகளிலிருந்தே வந்தது என்பதுதான் அது.

அடுத்த மறுப்பு ஆபத்தைப் பற்றியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பராமரிப்புப் பணியில் கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்கூட முடங்கின. இவ்வளவு பெரிய விளைவை ஒரு வரிக்குள் அடக்கும் முறை பாதுகாப்பானதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அன்று அந்தக் கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததாக அந்த நிறுவனமே விளக்கியது. அந்த வேலையைத் திரையில் ஒரு பொத்தானை அழுத்திச் செய்திருந்தாலும் துண்டிப்பு அதே அளவில்தான் நடந்திருக்கும். ஆபத்து தட்டெழுதுவதில் இல்லை, மாற்றம் சென்றடையும் தூரத்தில் இருக்கிறது. அந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகளையும் கட்டளை வரியே வளர்த்தது. தொலைவிலுள்ள ரூட்டரை மாற்றும்முன் பத்து நிமிடத்தில் மறுபடி தொடங்கு என்று அதற்கே உத்தரவிட்டு வைப்பது சிஸ்கோ நிர்வாகிகளின் பழக்கம். மாற்றம் தவறாகி இணைப்பு அறுந்தால், சேமிக்காத வரிகள் அழிந்து ரூட்டர் பழைய நிலைக்குத் திரும்பும். சரியாக நடந்தால் உத்தரவை நீக்கிவிடலாம். ஜூனிப்பர் இதை மென்பொருளுக்குள்ளேயே கொண்டுவந்தது: மாற்றங்கள் முதலில் வரைவாக நிற்கும், பிறகு நடைமுறைக்கு வரும், குறித்த நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் தாமாகவே விலகும்.

இனி எல்லாம் தானியங்கி, கட்டளை கற்பது வீண் என்பது கடைசி மறுப்பு. இதற்கான பதிலை வலையமைப்பு நிர்வாகிகளே 2002 ஜூனில் சொல்லிவிட்டார்கள். இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில் நெறிமுறை வகுப்பவர்களும் நிர்வாகிகளும் சந்தித்தார்கள். அதன் சாரம் மறு ஆண்டு ஆர்எஃப்சி 3535 என்ற ஆவணமாக வெளிவந்தது. அமைப்பையும் ஓடும் நிலையையும் தெளிவாகப் பிரித்துத் தர வேண்டும், எழுத்துக் கோப்புகளை ஒப்பிடும் வழக்கமான கருவிகளால் அமைப்பைக் கையாள முடிய வேண்டும் என்பவை நிர்வாகிகளின் கோரிக்கைகளில் முக்கியமானவை. ரூட்டர்களைத் தானியங்கியாக அமைப்பதற்காக 2006இல் வந்த நெட்கான்ஃப் நெறிமுறை இந்தப் பட்டறையின் விளைவு. கட்டளை வரி பழக்கிவிட்ட எதிர்பார்ப்புகளே, அதை மாற்ற வந்த நெறிமுறையின் இலக்குகளாயின. இன்று ஒரே நேரத்தில் நூறு ரூட்டர்களை அமைக்கும் நிரலை எழுதுபவரும், ஒரு ரூட்டரில் அந்த வரிகள் என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிழையை நூறு இடங்களில் விதைப்பார்.

ஆகவே புதியவர் கட்டளை வரியில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்வேன். பழமையின் மேலுள்ள பற்றால் அல்ல, அது அவருக்காகவே வளர்ந்தது என்பதால். பயிற்சி நிலையங்கள் செய்ய வேண்டிய திருத்தமும் இதிலிருந்தே தெரிகிறது. கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது, கேள்விக்குறியைக் கண்டுபிடித்தவர்கள் ஒழிக்க நினைத்த சுமையை மாணவர் தலையில் திரும்ப ஏற்றுவதாகும். ரூட்டரிடம் கேட்கவும், பிழைக் குறியைப் படிக்கவும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அமைப்பை எடுத்து வைத்து ஒப்பிடவும் முதல் வாரத்திலேயே பழக்கினால், நிறுவனம் மாறினாலும் சொற்கள் மாறினாலும் அந்தப் பயிற்சி உதவும். ஒரு காலத்தில் பொறியைச் செய்தவரிடம் மட்டும் இருந்த அறிவு, கேபிளும் பொறுமையும் உள்ள எவருக்கும் கிடைக்கும் அறிவாக மாறியிருக்கிறது. அந்தத் திறப்பை முழுவதும் பயன்படுத்துவதே இந்தத் தொழிலைக் கற்பவரும் கற்பிப்பவரும் அதற்குச் செய்யும் மரியாதை.