கப்சாயும் குரங்கு வண்டியும்

சபாக் வட்டாரத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் என்றாலே நம்மவர்க்குக் கப்சாய்தான். ‘கப்’ என்பது ஹோண்டா நிறுவனத்தார் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் பெயர். ‘சாய்’ என்பது சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல். இவை கூடிப் பிறந்த சொல்லை மலாயும் தமிழும் தயங்காமல் ஏற்றன. சொல்லாராய்ச்சி விரும்பும் மாணவர்க்கு இது நல்விருந்து.

பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அவ்வண்டியை நம் நாட்டில் பரப்பினார். 49 சி.சி. இயந்திரம், கைக்கிளட்ச் இல்லை, தாழ்ந்த உடலாதலால் கைலி கட்டியவரும் எளிதில் ஏறலாம். செம்பனைத் தோட்டத்துப் பாட்டாளிக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வியந்திரத்தையே 1961இல் தோக்கியோவின் தாமா டெக் பூங்காவில், 5 அங்குலச் சக்கரமுடைய சிறுவர் வண்டியில் பூட்டினர். பெரியவர் அதில் குந்தியிருந்த கோலம் குரங்கை ஒத்தமையால் ‘மங்கி’ எனும் பெயர் வாய்த்தது. 1967இல் அது ஜப்பானியச் சாலைக்கு வந்தது; குட்டி மோட்டார் சைக்கிள் உலகெங்கும் பொழுதுபோக்காயிற்று.

இப்பொழுதுபோக்கில் புக விழையும் மாணவர், பெரியவர் துணையுடன் பழைய கப்சாய் ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகலாம். அதனைக் கற்றவர்க்கு மங்கியின் உள்ளமைப்பும் விளங்கிவிடும். சாலையில் ஓட்டுவது வேறு: 16 வயதும் உரிமமும் தேவை, தலைக்கவசம் 1973 முதல் சட்டம். பழக்குலை லாரிகள் திரும்பும் தோட்டத்துச் சாலையோ பந்தயத்திடலன்று.

50 சி.சி. மங்கியின் உற்பத்தி 2017இல் நின்றது; 2018இல் 125 சி.சி. வடிவில் அது மீண்டது. ஏறத்தாழப் படுத்துக்கிடக்கும் அந்த ஒற்றைச் சிலிண்டர் மட்டும் மாறவில்லை.