குராசான் மருந்தும் பரிசு விழுந்த கடிதமும்

ஏமாற்றுக்காரர்களின் தந்திரங்களைத் தொகுத்துக் கூறும் அரபு நூல்களுள் தலையாயது, திமிஷ்க் நகரையடுத்த ஜவ்பரைச் சேர்ந்த அப்துர் ரஹீம் அல்ஜவ்பரீ என்பவர் இயற்றிய ‘கிதாபுல் முக்தார் ஃபீ கஷ்ஃபில் அஸ்ரார்’ என்பதாகும். இரகசியங்களை வெளிப்படுத்தும் தேர்ந்த நூல் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆமித் நகரை ஆண்ட அர்துகிய மன்னர் அல்மலிக்குல் மஸ்ஊதின் விருப்பத்திற்கிணங்க அவர் இதனை எழுதினார். முப்பது அத்தியாயங்கள் கொண்டது. பொய் நபிமார், போலி ஷைகுமார், ரசவாதிகள், மருந்துக் கடைக்காரர்கள் என ஒவ்வொரு கூட்டத்தாரின் சூழ்ச்சியையும், அது எப்படிச் செய்யப்படுகிறது என்ற செய்முறையோடு அவர் விளக்கிச் செல்கிறார். நம் மதரஸாக்களில் ஹரீரியின் மகாமாத்தை ஓதுகிறோம். வேடம் மாறி மாறி வந்து ஊராரின் பணப்பையைக் கரைக்கும் அபூஸைத் ஸரூஜியின் சொல்நயத்தில் மயங்கி, பறிகொடுத்தவன் கதி என்னவாயிற்று என்று கேட்க மறந்து விடுகிறோம். ஜவ்பரீயை ஓதுவார் அரியர்.

அந்நூலில் உள்ள ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். கி.பி. 1154 முதல் 1174 வரை திமிஷ்க்கைத் தம் ஆட்சியில் வைத்திருந்த சுல்தான் நூருத்தீன் மஹ்மூது ஸங்கீயைப் பற்றியது அது.

பாரசீகன் ஒருவன் திமிஷ்க்குக்கு வந்தான். ஆயிரம் தீனார்களை அராவிப் பொடியாக்கினான். கரித்தூளும் மாவும் பசையும் சேர்த்துப் பிசைந்து உருண்டைகளாக உருட்டிக் காயவைத்தான். பின்னர் ஏழைப் பக்கீரைப் போல் உடையணிந்து மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் சென்றான். இது ‘தபர்மக்’ என்னும் குராசான் மருந்து, நஞ்சுக்கு நல்லது என்று கூறி, அவ்வளவையும் ஒரு சில திர்ஹங்களுக்கு விற்றுவிட்டு வந்தான். ஆயிரம் பொன்னைச் சில வெள்ளிக் காசுகளுக்கு விற்பவன் பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது நெடுநோக்குடையவனாக இருக்க வேண்டும். மறுபடி அவன் பெருஞ்செல்வனைப் போல் உடையணிந்து பள்ளிவாசலில் ஊர்ப் பெரியவர்களோடு பழகினான். தனக்குப் பொன் செய்யும் வித்தை தெரியும் என்ற செய்தி சுல்தானின் செவிக்குத் தானாகவே போய்ச் சேரும்படி செய்தான். அழைப்பு வந்தது. வேண்டிய சரக்குகளை எழுதிக் கொடுத்தான். அவற்றுள் ஒன்று தபர்மக். ஊரெங்கும் தேடி, இறுதியில் அந்த ஒரு கடையில் கண்டெடுத்தார்கள். உலையில் இட்டு உருக்கியபோது மற்றவை எரிந்துபோகப் பொன் மட்டும் எஞ்சியது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறையாத பொன்! இன்னும் செய்ய வேண்டுமானால் தபர்மக் வேண்டும். அது குராசானில் மலையாகக் கிடக்கிறது. போய்வர யாராவது வேண்டும். சுல்தானே அவனை அனுப்பினார், வழிச்செலவும் விலையுயர்ந்த சரக்குகளும் கொடுத்து. போனவன் போனவன்தான்.

திமிஷ்க்கில் அறிவிலிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி வந்த வேடிக்கைக்காரன் ஒருவன், அதன் தலைப்பில் சுல்தானின் பெயரை எழுதினானாம். அழைத்துக் கேட்டபோது, அந்தப் பாரசீகன் திரும்பி வந்தால் உங்கள் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றானாம். கதை இங்கே முடிகிறது. கேட்பவர் சிரிப்பர். எனக்கோ, சிரிப்பு யார் மீது விழுகிறது என்பதே கவனிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. எளிய வாழ்வுக்கும் நீதிக்கும் பெயர்பெற்ற அரசர் அவர். சிலுவைப் போர்களின் நடுவே படைகளுக்குப் பொருள் தேடவேண்டிய நிலையிலிருந்தவர். அவர் பெயர் பட்டியலில் ஏறியது. பொருளைக் கொண்டு சென்றவனுக்கு அந்தக் கதையில் ஒரு பெயர்கூட இல்லை.

இனி, இந்தச் சூழ்ச்சியின் அமைப்பைப் பாருங்கள். பெரும்பொருள் ஒன்று காத்திருக்கிறது. அதைக் கொண்டுவரச் சிறுபொருள் முன்னதாகச் செலவிட வேண்டும். இந்த அமைப்பு எண்ணூறு ஆண்டுகளாக மாறவேயில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பாரிஸ் நகரத்துச் சிறைக்கைதிகள் செல்வர்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு ‘ஜெரூசலம் கடிதங்கள்’ என்று பெயர் வழங்கியது. ஓடிப்போன பிரபு ஒருவரின் ஊழியன் நான், அவர் நகைப்பெட்டியைப் புதைத்த இடம் எனக்குத் தெரியும், சிறையிலிருந்து மீளச் சிறிது பணம் அனுப்புங்கள் என்பது அவற்றின் சாரம். குற்றவாளியாயிருந்து காவல்துறைத் தலைவனாக உயர்ந்த விடாக் என்பவர், இப்படி எழுதப்படும் நூறு கடிதங்களுக்கு இருபது பதில்கள் வரும் என்று எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ‘ஸ்பெயின் கைதி’யின் கடிதமாகி இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 1980களில் நைஜீரியாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றியது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணால் ‘நான்கு ஒன்று ஒன்பது’ என்ற பெயரும் அதற்கு வாய்த்தது. குராசானும் நகைப்பெட்டியும் மாறின, வழிச்செலவு மாறவில்லை.

நம் நாட்டில் இது பரிசுச் சீட்டின் உருவில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1967இல் கேரள அரசு லாட்டரியைத் தொடங்கிற்று. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் பி.கே. குஞ்ஞு சாகிப் என்பது நமக்கு ஒரு சங்கடமான செய்திதான். அடுத்த ஆண்டு தமிழக அரசும் தொடங்கியது. இடையில் நின்றும் தொடர்ந்தும் நடந்து, 2003 ஜனவரியில் தமிழகத்தில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. சூதுக்கு அரபியில் ‘மைஸிர்’ என்று பெயர். எளிமை என்னும் பொருள் தரும் ‘யுஸ்ர்’ என்பதிலிருந்து அது பிறந்தது என்பது மொழி நூலார் பலரின் கருத்து. உழைப்பின்றி எளிதில் கைக்கு வருவது. சீட்டு விற்பனை நின்றாலும், யாரோ முகமறியாதவருக்கு இலட்சம் விழும் என்ற எண்ணம் மூன்று தலைமுறையின் மனத்தில் ஊறிவிட்டது. விழுந்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள் அல்லவா? நூருத்தீனின் உலையிலும் முதற்பொன் உண்மையான பொன்தானே! ஆகவேதான், புகழ்பெற்ற தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியின் பெயரால் 25 இலட்சம் ரூபாய் விழுந்திருக்கிறது என்று கைபேசிக்குச் செய்தி வந்தபோது, சீட்டே வாங்காத நமக்கு எப்படி விழும் என்ற கேள்வி பலருக்கு எழவில்லை. வரி கட்டு, பிறகு பதிவுக் கட்டணம் கட்டு என்று கட்டணம் கேட்டுக்கொண்டே போவார்கள்.

வங்கி அட்டை மோசடி இதற்கு உடன்பிறப்பு எனினும், அதன் பிறப்பு வேறு. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் பஸ்ராவுக்குச் சென்ற பயணி நாசிர் குஸ்ரவ், அங்குள்ளோர் தம் பொருளை நாணய மாற்றுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் தரும் எழுத்தைக் கொண்டே கடைவீதியில் எல்லாம் வாங்குவதை எழுதியிருக்கிறார். பணம் ஓர் அடையாளமாகச் சுருங்கிய நாளிலேயே, அடையாளத்தைக் கவர்ந்தவன் பணத்தைக் கவர்ந்தவனாகிறான். இன்று அந்த அடையாளம் அட்டையின் மேலுள்ள பதினாறு இலக்கமும், பின்னாலுள்ள மூன்று இலக்கமும். இவற்றை மட்டும் திருடிப் பயனில்லாதபடி, இணையத்தில் செலவழிக்க இரண்டாவது உறுதிப்பாடும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கிற்று. அதன் பயனாய் வந்ததே ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் குறியீடு. நல்ல பூட்டுத்தான். பூட்டை உடைக்க முடியாத திருடன் வீட்டுக்காரரின் வாயாலேயே திறக்கச் செய்யக் கற்றுக்கொண்டான். வங்கி மேலாளர் பேசுகிறேன், உங்கள் ஏ.டி.எம். அட்டை இன்றோடு முடங்குகிறது, மேலே உள்ள பதினாறு நம்பரைச் சொல்லுங்கள் என்ற அந்தக் குரலைக் கேளாதவர் தமிழகத்தில் குறைவு.

என்னோடு நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அக்குரலுக்கு எண்களைச் சொன்னார். 18,000 ரூபாய் போயிற்று. அவர் மனைவியிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. நாற்பதாண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் எண்களாலே ஏமாந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது என்பது அவர் நிலை. நான்காம் நாள் வேறொரு குரல் வந்தது. தவறு நடந்துவிட்டது ஐயா, உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம், இப்போது வரும் நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்றது. யாரும் அறியாமல் பணம் திரும்பிவிடும் என்ற ஆசையில் மறுபடி சொன்னார். 30,000 போயிற்று. திமிஷ்க்கின் வேடிக்கைக்காரன் எதிர்பார்க்காதது இது. பாரசீகன் திரும்பி வந்தான்!

முதல் இழப்பு நம்பிக்கையால் நேர்ந்தது. இரண்டாவதை நேரச் செய்தது நாணம். அந்த நாணத்தை அவருக்குள் விதைத்தவர்கள் நாம். பேராசை பிடித்தவன், படித்தும் அறிவில்லாதவன் என்று ஏமாந்தவரைப் பற்றித் திண்ணைகளில் நாம் பேசுவதை அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறார். பேராசைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? பரிசு எதற்கும் அவர் ஆசைப்படவில்லை. தம் ஓய்வூதியம் முடங்கிவிடக் கூடாதென்று அஞ்சினார். அவ்வளவே. ஜவ்பரீ தம் நூலில் தந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டுவதில் செலவிடும் பக்கங்களைப் பார்க்கும்போது, ஏமாந்தவரை வைவதைவிட அவருக்கு வேறு வேலை இருந்தது தெரிகிறது.

சட்டமும் காலத்தையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விடுத்த சுற்றறிக்கையில், வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று வகுத்தது. இரகசிய எண்ணைத் தாமே சொன்னவர், தெரிவிக்கும் வரையுள்ள இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். தெரிவித்த பின் போகும் பணத்திற்கு வங்கியே பொறுப்பு. 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் எந்தக் கணக்குக்குச் சென்றதோ அந்த வங்கிக்குச் செய்தி சென்று, எடுக்கப்படாமல் எஞ்சியிருப்பது அங்கேயே முடக்கப்படும்.

இரண்டாவது பணம் போன அன்று, கைபேசியில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியை மகன் தற்செயலாகப் பார்த்துவிட்டான். அப்போதே 1930க்குப் பேசினான். வங்கியில் புகாரை வாங்கிக் கொண்டவர், நீங்கள் ஏன் சார் நம்பரைச் சொன்னீர்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். முப்பதாயிரத்தில் ஒரு பகுதி யாருடைய கணக்கிலோ முடக்கப்பட்டுப் பல மாதங்களுக்குப் பின் திரும்பி வந்தது. முதலில் போன பதினெட்டாயிரம் வரவில்லை. அதைத் தெரிவித்தபோது நான்கு நாட்கள் கடந்திருந்தன.